மாமா நிமிர்த்திய துப்பாக்கி

துப்பாக்கி வந்து இறங்கிய அன்று படிப்பகத்தில் இருந்தவர்கள்: மன்றத் தலைவர் செல்வராசு, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா, செயலாளர் என்ற முறையில் நான், யாரும் கூப்பிடாமல் வந்த மாமா. இல்லாதவர்கள்: துப்பாக்கியை வாங்கிக் கொடுத்த பட்டாசுக் கம்பெனி முதலாளி, அதை வைத்துச் சுடத் தெரிந்த ஒருத்தர், அப்புறம் படிப்பகத்தின் கூரை.

கூரையை இல்லாதவர்கள் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. விஸ்வநத்தத்தை ஒட்டிய எங்கள் காலனியில் படிப்பகத்துக்குச் சுவர் ஒரு தேர்தலுக்கு வந்தது. கூரை அடுத்த தேர்தலுக்கு வரும் என்றார்கள். தேர்தல் மட்டும் வந்துவிட்டுப் போனது. பிள்ளைகள் காலையில் கிழக்குச் சுவரை ஒட்டியும் சாயங்காலம் மேற்குச் சுவரை ஒட்டியும் உட்காருவார்கள். நிழல் எந்தப் பக்கமோ படிப்பு அந்தப் பக்கம். மழை பெய்தால் லீவு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். போனது அந்தச் சுவர் நிழலில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து படித்துத்தான். அதனால் அந்தக் கூரையின்மேல் எனக்கு ஒரு வெறி இருந்தது.

முதலாளி கான்கிரீட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு மறுநாள் சிமெண்ட் வந்து இறங்கும். நிபந்தனை என்று எதுவும் இல்லை. பெரிய மனிதர்கள் நிபந்தனை போட மாட்டார்கள், ஆசையைச் சொல்வார்கள். பொங்கல் விளையாட்டு விழாவில் முதல் குண்டை அவர் சுட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பொங்கலில் எதற்குக் குண்டு என்று கேட்கலாம். முந்தின வருஷம் உறியடியில், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த ஒருத்தன் பானையை விட்டுவிட்டுச் செல்வராசுவின் மண்டையில் அடித்தான். தையல் போட்டார்கள். செய்தி முதலாளி காதுக்குப் போனது. "கம்பு ஆபத்துப்பா. நவீனமா யோசிக்கணும்" என்றார். அப்படியாகப் பாதுகாப்புக் கருதி எங்கள் காலனிக்குத் துப்பாக்கி வந்தது. காற்றுத் துப்பாக்கிதான். குழலை மடக்கி ஒரு மிளகு பருமன் ஈயக் குண்டை வைத்துச் சுடுவது. பானையைச் சுட்டால் ஓட்டைதான் விழும், ஓட்டைப் பானையைப் பார்த்து எவன் கைதட்டுவான் என்று யோசித்து, பானைக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டோம்.

பெட்டிக்குள் துப்பாக்கி ஒரு பக்கம் இருந்தது. அதன் முதுகில் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் தனியாகவும், ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு கால்கள் தனியாகவும் இருந்தன. ஒவ்வொரு காலிலும் ஒரு வளையம். காலை ஏற்றலாம், இறக்கலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம். அதற்கெல்லாம் குட்டிக் குட்டித் திருகுகள். அச்சிட்ட தாள் ஒன்றும் இருந்தது. படித்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். சீன மொழி. பின்பக்கம் இங்கிலீஷ் இருந்தது. அதுவும் சீன மொழி மாதிரிதான் இருந்தது.

"குடுலே இங்கன" என்றார் மாமா. தாளை அல்ல, துப்பாக்கியை.

மாமாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காலனியில் எல்லாருக்கும் அவர் மாமா. அவருக்கு மாமா முறை ஆகிறவர்கள்கூட அவரை மாமா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் ஆகாது. கோணல்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பார். சாமி படம், கல்யாண போட்டோ, காலண்டர், எது மாட்டியிருந்தாலும் போய் ஒரு விரலால் தட்டி நேராக்குவார். அப்புறம்தான் "என்ன, சாப்பிட்டீகளா?" கிறிஸ்துமஸ் சமயத்தில் கோயிலுக்குப் பிள்ளைகளின் நாடகம் பார்க்க வந்தவர், பாதர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்க் குடிலின்மேல் கட்டியிருந்த நட்சத்திரத்தைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாதர் வசனத்தை விட்ட இடம் தெரியாமல் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மேடை ஏறிப் பெண்ணின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மினி பஸ்ஸில் டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்து உள்கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பாவம், அந்த டிரைவர் அடுத்த நிறுத்தம் வரைக்கும் பின்னால் வந்த லாரியைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் மூக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"கோணலாப் போறது கோர்ட்டுக்குப் போகும்லே." இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சும்மா வந்த பேச்சு இல்லை. ஒரு காலத்தில் கம்பெனியில் ராக்கெட் டெஸ்ட் பண்ணுகிற வேலை அவருக்கு. ஒவ்வொரு லோடிலும் சிலதை எடுத்துப் பொட்டலில் நட்டு விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி நேராக இருந்தால் ராக்கெட் வானத்துக்குப் போகும். கொஞ்சம் கோணினால் யார் வீட்டு வைக்கோல் படப்புக்காவது போகும். அங்கிருந்து கோர்ட்டுக்கு.

இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமானதைச் சொல்லாமல் இருக்கிறேன். மாமாவின் கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கொஞ்சநஞ்சம் இல்லை. தோளில் யாரோ ரகசியம் சொல்கிறார்கள், அதைக் கேட்கிறார் என்கிற மாதிரிச் சாய்வு. ஒரு தடவை கோணலாகக் கிளம்பிய ராக்கெட் ஒன்று காதை உரசிக்கொண்டு போனதாம். "ராக்கெட்டுக்கு வழி விட்டாக. இன்னும் விட்டுக்கிட்டே இருக்காக" என்பார் அத்தை, அவர் காதில் விழாத தூரத்தில்.

ஆக மாமா நேராக்கியது எல்லாமே அவர் கழுத்துக்கு நேராக இருந்தது. டீக்கடைக்காரர் மாமா தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்துவிட்டுக் காலண்டரை மறுபடி நேராக்குவார். பாதரின் கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டி, நட்சத்திரத்துக்கென்றே ஒரு ஏணி தயாராக வைத்திருப்பார். காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நேர் இருந்தது. மாமா இருக்கும்போது ஒன்று, போன பிறகு ஒன்று. மாமாவுக்கு மட்டும் இது தெரியாது. எந்த வீட்டுக்கு மறுபடி வந்தாலும் படம் மறுபடி கோணியிருக்கும். "என்ன வீடு கட்டுறானுக, செவுரு நிக்க மாட்டங்குது" என்று அலுத்துக்கொண்டே திரும்பவும் தட்டுவார்.

ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் உடம்பைப் பற்றி அடுத்தவர் பேசுவதில்லை. விரல் குறைந்த கை இருக்கும், புருவம் முளைக்காத முகம் இருக்கும், ஒரு காதைத் திருப்பிக் காட்டிப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் எந்தக் கம்பெனி, எந்த சீசன், யார் யார் போனார்கள் என்று பேச்சு வளர்ந்துவிடும். அப்புறம் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் பார்ப்போம், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். கை குலுக்கும்போது இருக்கிற விரல்களைக் குலுக்குவோம்.

போன வருஷம் மாமா தவறிப்போனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குச் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கொடுத்திருந்தோம். அங்கே கம்ப்யூட்டரில் இருந்த பையன் நல்ல வேலைக்காரன். நாங்கள் எதுவும் சொல்லாமலே போட்டோவில் இருந்த தலையைத் திருப்பி நேராக்கி, கழுத்தை வெட்டி ஒட்டிச் சுத்தமாக அடித்துக் கொடுத்தான். போஸ்டர் ஒட்டிய காலையில் காலனியே கூடி நின்று பார்த்தது. யாருக்கும் ஆள் தெரியவில்லை. "யாரு செத்தா?" என்று அத்தையிடமே வந்து கேட்டார்கள்.

துப்பாக்கிக்கு வருகிறேன்.

மாமா ஸ்கோப்பை மாட்டிய விதத்தை முறைப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாது. எதிர்ச் சுவரில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். பெஞ்சின்மேல் சாக்கைப் போட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். கழுத்து இடப்பக்கம் இருந்ததால் துப்பாக்கி அவர் கன்னத்தைத் தேடிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தது, பால் குடிக்கிற கன்றுக்குட்டி மாதிரி. அந்த நிலையில் ஸ்கோப்பை வளையத்துக்குள் மெல்ல உருட்டினார். உள்ளே தெரிகிற கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு, தூக்குக்குண்டின் நூலோடு ஒட்டிக்கொண்டது.

"நூலும் கோடும் ஒண்ணாயிருச்சு. இனி ஒரு பய அசைக்க முடியாது" என்றார்.

தூக்குக்குண்டு நேர். கோடு நேர். துப்பாக்கி மட்டும் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

திருகுகளை முடுக்கும்போது செல்வராசு ஒரே திருகை முழுசாக இறுக்கப் போனான். மாமா கையைத் தட்டிவிட்டார். "பந்தியில ஒரே எலைக்கு அம்புட்டுச் சோத்தையும் கொட்டுவியாலே? எல்லா எலைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வச்சுக்கிட்டே போ." சுடச் சுட ஸ்கோப்பின் பின்னங்கால் உதறி உதறிப் பின்னால் நகர்ந்தது. காலி தீப்பெட்டியின் உரசுகிற பட்டையைக் கிழித்து அடியில் வைத்து இறுக்கினார். நின்றுவிட்டது. பிறகு அட்டையில் சுட்டுப் பார்த்து, மேல் திருகில் ஏற்ற இறக்கமும் பக்கத் திருகில் இட வலமும் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். சாயங்காலத்துக்குள் ஒரு கிரிக்கெட் பிட்சை விடக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, ரசத்துக்கு ரெண்டு பழமாச்சும் மிச்சம் வைங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா.

பெருமை தாங்காமல் துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, எல்லாரும் பிடிக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். கூட்டல் குறி சாய்ந்து கிடந்தது. சுட்டேன். பழத்துக்குப் பக்கத்தில் மணல் மூட்டையில் தூசி பறந்தது.

"மாமா, உள்ள கூட்டல் குறி சாஞ்சிருக்கே."

"எப்டிச் சாஞ்சிருக்கு?"

"பெருக்கல் குறி மாதிரி மாமா."

மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "படிச்சுப் படிச்சு ஒனக்குக் கழுத்து போயிருச்சுலே. குனிஞ்சே கெடந்தா அப்டித்தான் ஆகும்." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தார். இடப்பக்கம் சாய்த்தார். துப்பாக்கியும் கூடவே சாய்ந்தது. பெருக்கல் குறி எழுந்து கூட்டல் குறியாக நின்றது.

"இப்ப?"

"இப்ப சரியா இருக்கு மாமா."

"சுடு."

பழம் உடைந்தது. "அவ்வளவுதான். நேரா நின்னாப் போதும்" என்றார்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். கழுத்தை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தேன். நான் பௌதிகம் படித்தவன். ஆனாலும் அந்தச் சாயங்காலம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னலே, பொண்ணு பாக்க வாராகளா?" என்றாள் அம்மா.

மறுநாள் செல்வராசுவும் ஸ்டெல்லா அக்காவும் நானும் கூடி உட்கார்ந்தோம். முதலாளி நிமிர்ந்து நிற்கிற ஆள். மேடையில் நிமிர்ந்து நிற்பதற்கென்றே சட்டை தைப்பவர். அவர் கையில் இந்தத் துப்பாக்கி ஒரு பழத்தையும் தொடாது. பழம் விழாவிட்டால் ஆசை கெடும், ஆசை கெட்டால் கூரை இல்லை.

"ஸ்கோப்ப நம்மளே திருப்பி வச்சுருவோம்" என்றேன்.

"துப்பாக்கி எங்கன இருக்கு தெரியுமா? மாமா தலமாட்டுல. 'கண்ட பய கை பட்டாக் கோணிரும்'னு வேட்டியில சுத்தி வச்சிருக்காரு" என்றான் செல்வராசு.

"அப்ப மொதலாளியக் கழுத்தச் சாய்ச்சுப் பாக்கச் சொல்லுவோம்."

"நல்ல யோசன மாப்ளே. தலையப் புடிச்சுச் சாய்க்கிறது நீயா, நானா?"

"ரெண்டு பேரும் வேண்டாம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "மாமாகிட்ட உண்மையச் சொன்னா என்ன?"

"நீங்க சொல்லுங்கக்கா" என்றான் செல்வராசு. அக்கா புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தார்.

கடைசியில் செல்வராசுதான் வழி கண்டுபிடித்தான். ஆனைக்குட்டம் அணையில் மீன் பிடிக்கிற சேக்காளியிடமிருந்து தூண்டில் நரம்பு வாங்கி வந்தான். கண்ணுக்குத் தெரியாத நரம்பு. எலுமிச்சம்பழத்தில் ஒரு முனை, மூங்கில் வழியாக மைக் செட்டுக்குப் பின்னால் இன்னொரு முனை. முதலாளி சுடுவார், செல்வராசு இழுப்பான், பழம் விழும், குலவை போடப் பெண்கள் தயார். ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத திட்டம்.

விழா அன்று காலையில் எல்லாம் கட்டி முடித்தோம். மாமா வந்தார். பழம் தொங்குகிற மூங்கில் சட்டத்தைப் பார்த்தார். நாங்கள் நேராகக் கட்டியிருந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. அதைச் சரிசெய்யப் போனவரின் கையில் நரம்பு தட்டுப்பட்டது. இழுத்துக்கொண்டே வந்தார். மறுமுனையில் செல்வராசு இருந்தான்.

"என்னலே இது?"

"மாமா, மொதலாளிக்கு ஒரு ஒத்தாச..."

"துப்பாக்கி சரியா இருக்கையில தூண்டில் எதுக்குலே? மொதலாளி என்ன கெண்ட மீனா?" நரம்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "நான் கட்டுனதுமேல ஒங்களுக்கு நம்பிக்க இல்ல, அப்டித்தானே?"

செல்வராசு மைக் ஒயரைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டான்.

முதலாளி வந்தார். மாலை, வெடி, வரவேற்பு. பொட்டலின் நடுவில் நிமிர்ந்து நின்று துப்பாக்கியைப் பிடித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுட்டார். மணல் மூட்டையில் தூசி பறந்தது. "காத்து" என்றார். மறுபடி சுட்டார். தூசி. குலவைக்கு வாயைக் குவித்த பெண்கள் குவித்தபடியே நின்றார்கள். மூன்றாவதும் தூசிதான்.

முதலாளி துப்பாக்கியைத் தாழ்த்தினார். "உள்ள கூட்டல் குறி சாஞ்சிருக்கேப்பா. துப்பாக்கி கோணல்."

மனசுக்குள் எனக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெரிய மனிதருக்குக் குறி தவறினால் தப்பிக்க ஒரு கோணல் துப்பாக்கி வேண்டும். அது கிடைத்துவிட்டது. அதுவும் உண்மையாகவே கோணல்.

"ஆமா மொதலாளி, ஆன்லைன்ல வாங்குனாலே இப்டித்தான்" என்றான் செல்வராசு. "ஆமாங்க, கோணல்தான்" என்று கூட்டமே சொன்னது. கூரை அந்த நிமிஷம் பத்திரமாக இருந்தது. சிமெண்ட் மூட்டைகளை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போது மாமா முன்னால் வந்தார்.

"அப்டிச் சொல்லாதீக மொதலாளி. நேத்து வரைக்கும் தூக்குக்குண்டு வச்சுப் பாத்திருக்கேன். துப்பாக்கி நேராத்தான் இருக்கு."

வாங்கினார். கன்னத்தைச் சாய்த்தார். சுட்டார். எலுமிச்சம்பழம் சிதறியது. கையில் துப்பாக்கி இருந்த வேகத்தில் பக்கத்துப் பழத்தையும் சுட்டார். அதுவும் போனது. பொட்டல் முழுக்கக் கைதட்டல், குலவை. யாருக்குக் கைதட்டுகிறோம் என்று புரிவதற்குள் தட்டி முடித்திருந்தோம்.

மாமா துப்பாக்கியை மரியாதையாக இரண்டு கையாலும் முதலாளியிடம் நீட்டினார். "நீங்க நிக்கிறதுலதான் லேசாக் கோணல் இருக்கு மொதலாளி. வேற ஒண்ணுமில்ல."

முதலாளி வாங்கவில்லை. காருக்குப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. எனக்குத் தெரிந்த பௌதிகம் முழுவதையும் சொன்னேன். ஸ்கோப்பை எந்தச் சாய்வில் மாட்டினார்களோ அந்தச் சாய்வில் பிடித்தால்தான் குண்டு போய்ச் சேரும் என்று கையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, துப்பாக்கி கோணல்னு நான் சொன்னது சரி."

"நூத்துக்கு நூறு சரி மொதலாளி."

"அந்தாளு கழுத்து கோணல். அதனால அவருக்கு அடிக்குது."

"ஆமா மொதலாளி."

"அப்ப இத அங்கன மைக்குல சொல்லிட்டு வா தம்பி. அம்புட்டுச் சனமும் கேக்கட்டும். நாளைக்கே சிமெண்ட் வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதனால அப்டி ஆச்சு அவருக்கு?" என்றார்.

"உங்க கம்பெனியிலதான் மொதலாளி. உங்க அப்பா காலத்துல. ராக்கெட் டெஸ்டிங்ல இருந்தப்ப..."

அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். "அதெல்லாம் மைக்குல வேண்டாம். கழுத்து கோணல்ங்கறத மட்டும் சொல்லு."

கார் இருந்த இடத்திலிருந்து மைக்குக்கு அதிக தூரம் இல்லை. போகும்போது வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டே போனேன். யார் மனமும் புண்படாத மாதிரி ஒரு வாக்கியம். 'நமது மாமா அவர்களின் கழுத்தின் அமைப்பு காரணமாக...' கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். வாக்கியம் நன்றாகத்தான் வந்திருந்தது. பொய்யும் இல்லை. அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். பொட்டலில் சொன்னால் ஒரு நிமிஷம், மழையில் நனையாமல் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் என்று கணக்கும் போட்டுக்கொண்டேன். ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். கார் பக்கமும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை.

மைக்குக்குப் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். மைக் ஸ்டாண்ட் அவர் கண்ணுக்குக் கோணலாகப் பட்டிருக்கிறது. அதை இடப்பக்கம் சாய்த்து, அடியில் ஒரு ஓட்டாஞ்சில்லை வைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்.

"இப்ப நேரா இருக்குலே. பேசு" என்றார்.

ஸ்டாண்ட் சாய்ந்திருந்ததால், பேசுவதற்கு நான் கழுத்தைச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்தேன். அந்தக் கோணத்தில் பார்த்தபோது மாமா மட்டும் நிமிர்ந்து நின்றார்.

"அடுத்த நிகழ்ச்சி, கோலப் போட்டி" என்றேன்.

கோலப் போட்டி ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கார் போய்விட்டது. சிமெண்ட் வரவில்லை. முதலாளி இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "அடுத்த சீசன் பாப்போம்" என்றார். அதற்கடுத்த சீசனும் அதையே சொன்னார். துப்பாக்கியை மட்டும் மேனேஜர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

இதில் ரொம்பக் கோபப்பட்டவர் மாமாதான். "வாக்குக் குடுத்துட்டு மாறிட்டாரே! ஆளு நேரில்லலே" என்று தெருத்தெருவாகச் சொன்னார். முதலாளி ஏன் மாறினார் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "நான் அம்புட்டுச் சரியா மாட்டிக் குடுத்தும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். செல்வராசு பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான்.

தகர ஷீட்டாவது போடுவோம் என்று வீட்டுக்கு வீடு வசூல் பண்ணினோம். முதல் பணம் மாமாவுடையது. வெல்டிங் நடந்த அன்று காலையிலேயே வந்து கீழே நின்றுகொண்டார். மேலே ஏறியிருந்த வெல்டருக்கு மட்டம் சொல்வது அவர் பொறுப்பு என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார்.

"எடப்பக்கம் எறக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப மட்டம்."

வெல்டர் வெளியூர்க்காரர். குழாயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். "அவுக சொல்றபடியே வைங்கண்ணே" என்றேன். மாமா போன பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் இடப்பக்கமாக ஓடி, ஸ்டெல்லா அக்கா வைத்த வாளியில் கொட்டியது. உள்ளே பிள்ளைகள் காய்ந்த தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். காலனியில் எல்லா வீட்டு மாடியிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். இங்கே நிற்கவில்லை.

"பாத்தியாலே?" என்றார் மாமா, சாரலில் நின்றுகொண்டு. "மட்டமாப் போட்டா தண்ணி நிக்காது."

"ஆமா மாமா" என்றேன்.

அவர் தட்டி வைத்த படங்களை எல்லாம் அவர் போனதும் நிமிர்த்திய காலனி, அந்தக் கூரையை மட்டும் இன்று வரை நிமிர்த்தவில்லை. மைக்கில் ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதற்கு எங்களுக்கு ஆன செலவு, தகரம், குழாய், வெல்டிங் கூலி, வேன் வாடகை, வெல்டருக்கு வாங்கிக் கொடுத்த புரோட்டா எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.